பதினொன்றாம் கலவை, மூன்றாம் வில்லை

முத்துசெல்வியை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. உள்ளே எள் அளவுக்கு ஒரு கறுப்புச் சில்லு.

“அண்ணாச்சி, இதை மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பாக்கணும். பாக்கலாமா?”

“என்ன மேடம் இது?”

“எங்க அண்ணன் கண்ணுல இருந்து எடுத்தது.”

நான் ஜெஸ்டின். கோவில்பட்டிக்கு வெளியே நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், உலோகவியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். முத்துசெல்வி அந்த ஜூன் மாதம்தான் மெக்கானிக்கல் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருந்தார். 2015-ஆம் வருஷம். கழுகுமலைக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர்க்காரர். ஆடு வளர்க்கிற குடும்பம். அப்பா கோடை முழுக்க அடுத்தவர் காடுகளில் ஆட்டைக் கிடை அமர்த்துவார், ஐப்பசி மழை விழுந்ததும் சொந்தமான இரண்டு ஏக்கரில் உளுந்து விதைப்பார். அவர்கள் தெருவில் எம்.இ. வரைக்கும் போன முதல் ஆள் முத்துசெல்வி. அந்தப் படிப்புக்குப் பணம் அனுப்பியவர் அண்ணன் செல்வகணேஷ்.

செல்வகணேஷ் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் டிரில்லர். பாறையைக் குடைகிற பிட்டின் முகத்தில் விரல்நுனி மாதிரிக் குமிழ்கள் பதித்திருப்பார்கள். பட்டன் என்பார்கள். பாறையை உடைப்பது அந்த பட்டன்கள்தான். ஒரு நாள் பிட்டு, அதைப் பிடித்து இடிக்கிற ஹேமரில் இறுகிக்கொண்டு கழலவில்லை. உதவியாள் சம்மட்டியால் ஓங்கி அடித்தான். அடி பட்டனில் விழுந்தது. பட்டன் தெறித்தது. ஒரு சில்லு செல்வகணேஷின் இடது கண்ணுக்குள் போய்விட்டது. மதுரையில் சில்லை எடுத்தார்கள், பார்வையை மீட்க முடியவில்லை.

நான் சில்லை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கொடுத்தேன். அரைமணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது துளிகூடத் தேயல, பாத்தீங்களா? விளிம்பு அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கு. தேயாம இருந்தது உடைஞ்சு போயிருக்கு.”

அவர் ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன். அடுத்த வருஷம் எங்கள் துறையிலேயே டாக்டர் கோகுலகிருஷ்ணனிடம் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர் பிட்டின் பட்டன் டங்ஸ்டன் கார்பைடு என்கிற தூளால் ஆனது. அந்தத் தூளை கோபால்ட் என்கிற உலோகம் உருகிப் பிடித்துக்கொண்டிருக்கும். செங்கலுக்கு நடுவே சிமெண்ட் மாதிரி. கோபால்ட்டைக் குறைத்தால் பட்டன் கடினமாகும், தேயாது. ஆனால் ஒரு அடிக்கு உடையும். கோபால்ட்டைக் கூட்டினால் அடி தாங்கும். ஆனால் எங்கள் பக்கத்துப் பாறையில் நூறு அடிக்குள் மொழுமொழுவென்று தேய்ந்துவிடும். கடினத்தைக் கூட்டினால் தாங்குதிறன் குறைகிறது, தாங்குதிறனைக் கூட்டினால் கடினம் குறைகிறது. இரண்டையும் சேர்த்துக் கூட்ட முடியுமா என்று உலகம் முழுக்க ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். முத்துசெல்வி எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். கார்பைடுத் தூளோடு தொழிற்சாலை வைரத்தூளைக் கலந்து பார்ப்பது அவர் வழி. வைரம் கடினத்தைக் கூட்டும். விரிசல் ஓடிவந்தால் வைரமணியை உடைக்க முடியாமல் சுற்றிப் போகும், சுற்றுகிற சுற்றில் களைத்து நின்றுவிடும். காகிதத்தில் எழுதினால் அழகாகத்தான் இருந்தது.

உலையில் வைத்தால் வேறு கதை. ஆயிரத்து நானூறு டிகிரிச் சூட்டில் கோபால்ட் வைரத்தைத் தின்றுவிடும். வைரம் பென்சில் கரியாக மாறிவிடும். முதல் ஏழு கலவையும் அப்படித்தான் போயின. ஒவ்வொரு தடவையும் உலையைத் திறக்கும்போது நானும் பக்கத்தில் நிற்பேன். அஞ்சு ரூபாய் நாணய அளவில் வில்லைகள் வரும். நகத்தால் சுரண்டினால் விரலில் கறுப்பு ஒட்டும். அவர் விரலைப் பார்த்துவிட்டு, கழுவிக்கொண்டு பாடம் எடுக்கப் போய்விடுவார்.

மூணு வருஷம் இப்படிப் போனது. அவர் அம்மா வாரம் ஒரு தடவை போன் பண்ணி ஏதாவது ஒரு மாப்பிள்ளையைச் சொல்லுவார். “முடிச்சிட்டு வாரேம்மா” என்பார் இவர். பிறகு அம்மா சொல்வதை நிறுத்திவிட்டார்.

பிறகு இரண்டு வழி கிடைத்தது. வைரத்தூளுக்கு மேல் மெல்லிய உறை பூசினால் கோபால்ட் நேரடியாகத் தொடாது. சூட்டையும் மணிக்கணக்கில் கொடுக்காமல், அழுத்திக்கொண்டே மின்சாரம் பாய்ச்சி ஐந்தாறு நிமிஷத்தில் சுட்டு எடுத்தால் வைரம் கரியாக நேரம் இருக்காது. அந்த எந்திரம் எங்களிடம் கிடையாது. தொலைவில் ஒரு பெரிய ஊரின் ஆய்வகத்தில் இருந்தது. எங்களை மாதிரிக் கல்லூரிக்கு வருஷத்தில் இரண்டு முறை, முறைக்கு இரண்டு நாள் கொடுப்பார்கள். இடையில் கொரோனா வந்து ஒன்றரை வருஷத்தைத் தின்றது.

2021 ஆகஸ்டில் பதினொன்றாம் கலவையைச் சுட்டுக்கொண்டு வந்தார். ஐந்து வில்லை. இரண்டு எடுக்கும்போதே விரிசல் விட்டுவிட்டன. ஒன்று ஓரத்தில் பொரிந்திருந்தது. நான்காவது சுமார். மூன்றாவது வில்லை முழுசாக, கனமாக இருந்தது. சுரண்டினால் கறுப்பு ஒட்டவில்லை.

அளந்து பார்ப்பது இப்படித்தான்: வில்லையைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றி, கூர்மையான வைர முனையால் ஒரு அழுத்து அழுத்துவோம். சின்னச் சதுரக் குழி விழும். குழி எவ்வளவு சின்னதோ அவ்வளவு கடினம். குழியின் நாலு மூலையிலிருந்தும் விரிசல் ஓடும். விரிசல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு தாங்குதிறன்.

மெருகேற்றுவது என் வேலை. வைரம் கலந்த வில்லையை மெருகேற்றுவது லேசில்லை. முதலில் சக்கரத்தில் அரைக்க வேண்டும். பிறகு வைரப் பசையால் கரடு, நடுத்தரம், மென்மை என்று படிப்படியாகத் தேய்க்க வேண்டும். அன்றைக்கு மென்மையான பசை தீர்ந்துபோயிருந்தது. வாங்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த தாள் அலுவலகத்தில் மூன்று வாரமாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பவேண்டும் என்று கோகுலகிருஷ்ணன் சார் காலையிலிருந்து மூன்று தடவை வந்து போய்விட்டார்.

“இன்னும் ஒரு படி இருக்கே அண்ணாச்சி” என்றார் முத்துசெல்வி.

“குழி தெளிவாத் தெரியுது மேடம். மூலை தெரியுது. போதும்” என்றேன் நான்.

நான்தான் சொன்னேன்.

அழுத்திப் பார்த்தோம். குழி, வைரம் கலக்காத சாதா வில்லையில் விழுவதைவிடச் சின்னது. மூலைகளில் விரிசலைத் தேடினோம். நாலு மூலையிலும் எறும்புக் கால் மாதிரி கொஞ்சூண்டு. அவ்வளவுதான். இன்னொரு இடத்தில் அழுத்தினோம். அதே மாதிரி. பத்து இடம். கடினமும் கூடியிருந்தது, தாங்குதிறனும் கூடியிருந்தது. முத்துசெல்வி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

கட்டுரை எழுதினார்கள். 2022 மார்ச்சில் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. கல்லூரி வாசலில் முத்துசெல்வியும் சாரும் நிற்கிற பிளெக்ஸ் வைத்தார்கள். செல்வகணேஷ் வேலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி அந்த பிளெக்ஸைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, இரண்டு மூன்று தடவை எடுத்தார்.

அடுத்த முறைக்கு எந்திரம் ஏப்ரலில் கிடைப்பதாக இருந்தது. அதே கலவையைத் திரும்பச் செய்து, அதே அளவு வருகிறதா பார்க்கவேண்டும் என்று முத்துசெல்வி திட்டம் போட்டிருந்தார். சாருக்கு வேறு யோசனை. அவர்கள் பேசும்போது நான் ஆய்வகத்தில்தான் இருந்தேன்.

“முத்துசெல்வி, இந்தத் தடவை வில்லை வேண்டாம். பட்டனாவே செஞ்சிருவோம். எட்டு பட்டன். பாறையில போட்டுப் பாக்கலாம். பெரிய ப்ராஜெக்டுக்கு எழுதணும்னா களத்துல போட்டுப் பாத்த சோதனை கேக்குதாங்க.”

“ஒரே ஒரு வில்லைதான் சார் நல்லா வந்திருக்கு. இன்னொரு தடவை வந்துட்டுதுன்னா நம்பிக்கையா இருக்கும்.”

“பத்து இடத்துல அழுத்தினோம்லா? அப்புறம் என்ன? ரெண்டு நாள்தான் இருக்கு. வில்லை செஞ்சா பட்டன் செய்ய முடியாது. மறுபடி ஆறு மாசம். உங்க பதிவுக் காலமும் ஓடிட்டு இருக்கு, பாத்துக்கிடுங்க.”

அவர் கெட்ட மனுஷர் இல்லை. எங்களை மாதிரிக் கல்லூரியில் ஒரு ஆராய்ச்சியை உயிரோடு வைத்திருக்க என்னென்ன பாடு என்று எனக்குத் தெரியும். முத்துசெல்வி காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

பட்டன்கள் வந்தன. கோவில்பட்டியில் ஒரு பட்டறையில் பிட்டின் ஓர வரிசையில் இருந்த பழைய பட்டன்களைக் கழற்றி, இந்த எட்டையும் பதித்தார்கள். எந்த வண்டியில் போடுவது என்ற பேச்சு வந்தபோது செல்வகணேஷ் இருந்த வண்டியைத் தவிர வேறு வழி இல்லை. வண்டி முதலாளியிடம் அவரே போய்ப் பேசினார். புது பட்டன், இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு போரில் மட்டும் போட்டுப் பார்ப்போம் என்றார். தங்கச்சி செய்தது என்று சொன்னாராம். முதலாளி, “அப்போ யாருகிட்டயும் காசு வாங்குற போர்ல போடாதலே. டீசல் மட்டும் போட்டுக்கிடுத ஆளாப் பாரு” என்றாராம்.

அப்படிக் கிடைத்தவர்தான் அழகுத்தாய். ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே ஒரு ஊர். புருஷன் இல்லை. மூன்று ஏக்கர் மானாவாரி, இருபத்தெட்டு வெள்ளாடு. ஊர்க் கிணறு வற்றி, ஆட்டுக்குத் தண்ணீர் இரண்டு கிலோமீட்டரிலிருந்து குடத்தில் சுமந்துகொண்டிருந்தார். போர் போட அவரால் ஏலாது. டீசல் மட்டும் போதும் என்றதும் கம்மலை அடகு வைத்து டீசல் போட்டார்.

மே மாதம். நாங்களும் போயிருந்தோம். காடு முழுக்கக் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. இருபது அடிக்குக் கரிசல், பிறகு சுக்கான் கல், அதற்குக் கீழே பாறை. செல்வகணேஷ் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தத்தை வைத்தே கீழே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். முந்நூறு அடி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. வெள்ளைப் பாறைப்பொடி குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. அழகுத்தாய் தலையெல்லாம் வெள்ளையாக, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முந்நூற்று இருபதில் பொடி நிறம் மாறியது. கையில் எடுத்தால் உருண்டை பிடித்தது.

“ஈரம் வந்துட்டு! ஏட்டி, ஈரம் வந்துட்டு!” என்று செல்வகணேஷ் வண்டி மேலிருந்து கத்தினார். முத்துசெல்வி அந்த ஈரப்பொடியைக் கையில் வாங்கி அழகுத்தாயிடம் கொடுத்தார். அந்தம்மா அதை நெற்றியில் பூசிக்கொண்டார்.

முந்நூற்று நாற்பதில் சத்தம் மாறியது. தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி. ராடு துள்ளியது. செல்வகணேஷ் உடனே ஹேமரை ஓட்டுகிற கம்ப்ரெஸர் காற்றை நிறுத்தினார். முகம் கறுத்துவிட்டது. ஒவ்வொரு ராடாகக் கழற்றி மேலே எடுக்க ஒன்றரை மணி நேரம். பிட்டு வெளியே வந்தது. ஓர வரிசையில் எட்டு குழியும் சொத்தைப் பல் மாதிரி இருந்தன. ஒரு பட்டன்கூட முழுசாக இல்லை. தேய்மானம் ஒரு நூல் கிடையாது. அத்தனையும் உடைந்திருந்தன.

உடைந்த கார்பைடு துண்டுகள் எல்லாம் குழிக்கு அடியில் கிடந்தன. அதன் மேல் நல்ல பிட்டை இறக்கினால் அதுவும் உடையும். காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று சில்லு வந்தது. மீதி வரவில்லை. பழைய பிட்டை இறக்கிப் பார்த்தார்கள். நாலு அடி போவதற்குள் அதன் பட்டனும் இரண்டு போனது. சாயங்காலம் முதலாளி காரில் வந்து இறங்கினார். குழியைப் பார்க்கவில்லை. பிட்டைப் பார்த்தார், செல்வகணேஷைப் பார்த்தார்.

“வண்டியை எடுலே. நீ நாளையிலேருந்து வராத.”

வண்டி போய்விட்டது. குழி வாயில் ஒரு கல்லை வைத்து மூடினோம்.

வழியில் செல்வகணேஷ் தங்கையிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “நீ சொன்னேன்னுதான்ட்டி மாட்டுனேன்.”

அதற்குப் பிறகு முத்துசெல்வி சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. உடைந்த பட்டன்களின் அடிக்கட்டைகளைப் பட்டறையிலிருந்து வாங்கி வந்து, அறுத்து, என்னிடம் கொடுத்து மெருகேற்றச் சொன்னார். இதற்குள் மென்மையான பசை வந்திருந்தது. நான் கடைசிப் படி வரைக்கும் போனேன். அழுத்திப் பார்த்தோம். நாலு மூலையிலிருந்தும் விரிசல் நீளமாக, நேராக ஓடியது. சாதா கார்பைடைவிட மோசம். பட்டனைச் சுட்டதில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தார். சூட்டை, அழுத்தத்தை, தூளை எல்லாம் சரிபார்த்தார். ஒரு வித்தியாசமும் இல்லை. நாலு மாசம் அப்படியே போனது.

செப்டம்பரில் ஒரு நாள் மத்தியானம் தன் குறிப்பு நோட்டை விரித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, மூணாவது வில்லையை அன்னைக்கு எது வரைக்கும் மெருகேத்தினீங்க?”

குனிந்து பார்த்தேன். நோட்டில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘நடுத்தரப் பசை வரை மட்டும்.’

“சாதா வில்லை எல்லாத்துக்கும் கடைசி வரைக்கும் போயிருக்கோம். இதுக்கு மட்டும் போகல” என்றார். பிறகு, மாணவர்களுக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். சக்கரத்தில் அரைக்கும்போது வில்லையின் மேல்தோல் நெருக்கி அமுக்கப்படும். அந்த அமுங்கின தோலைக் கடைசிவரை தேய்த்து எடுக்காவிட்டால், அதில் விழுகிற விரிசல் வாயைத் திறக்க முடியாமல் குட்டையாகவே நின்றுவிடும். பார்ப்பவருக்குத் தாங்குதிறன் கூடின மாதிரி இருக்கும்.

அந்த வில்லையை அவர் பஞ்சில் சுற்றி ஒரு டப்பாவில் வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார். நான் இரண்டு நாள் வேறு வேலையே பார்க்காமல் அதைத் தேய்த்தேன். தேய்க்கும்போது, தேய்க்காமலே விட்டுவிட்டால் என்ன என்று நூறு தடவை நினைத்தேன். மூன்றாம் நாள் அழுத்திப் பார்த்தோம். விரிசல் குழியிலிருந்து புறப்பட்டு, நாங்கள் பார்க்கிற வட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அவர் கைப்பிடியைத் திருகித் திருகி அதன் பின்னாலேயே போனார். கடினம் கூடியிருந்தது உண்மைதான். தாங்குதிறன் குறைந்திருந்தது. கண்ணில் தெறித்த அந்தச் சில்லு எந்தக் குணத்தால் உடைந்ததோ, அதே குணத்தை அதைவிட அதிகமாக வைத்து, ஏழு வருஷம் செலவழித்து எட்டு பட்டன் செய்திருந்தார்.

“நான்தான் மேடம் போதும்னு சொன்னேன்” என்றேன்.

“நீங்க சொன்னீங்க. நோட்டுல எழுதினது நான். எழுதிட்டு, கட்டுரையில எழுதாம விட்டதும் நான்.”

முத்துசெல்வி என்னையும் கூட்டிக்கொண்டு கோகுலகிருஷ்ணன் சார் அறைக்குப் போனார். சார் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெகு நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

“இதை வச்சு என்ன செய்யணும்ங்கீங்க?”

“கட்டுரையைத் திரும்பப் பெறணும் சார்.”

“கடினம் கூடினது உண்மைதானே? அதுல பொய் இல்லையே?”

“தலைப்புலயே ரெண்டும் கூடுதுன்னு போட்டிருக்கோம் சார்.”

“முத்துசெல்வி, யாரு உக்காந்து இதை மறுபடி மெருகேத்திப் பாக்கப் போறாங்க? உங்க தீசிஸ் இந்த ஒரு கட்டுரையில நிக்கி. திரும்ப வாங்கினா உங்களுக்குப் பட்டம் கிடையாது. எனக்கு இன்னொரு ஸ்டூடண்ட் பதிவு பண்ண மாட்டாங்க. ஜெஸ்டினுக்கு எத்தனை வயசு? அவிய வேலைக்கு என்ன பதில் சொல்லுவீங்க?”

“அவிய பேரை எழுத மாட்டேன் சார். அளந்தது நான்.”

சார் படங்களைத் திருப்பிக் கொடுத்தார். திரும்பப் பெறுகிற கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். முத்துசெல்வி தன் பெயரில் மட்டும் ஆய்விதழுக்கு எழுதினார். என் பெயர் அதில் இல்லை. சேர்த்து எழுதுங்கள் என்று நானும் சொல்லவில்லை. என் மகள் அப்போது நர்ஸிங் இரண்டாம் வருஷம்.

அந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகுத்தாய் ஊருக்குப் போகவேண்டும், துணைக்கு வருவீர்களா என்று முத்துசெல்வி கேட்டார். ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். மழை தொடங்கியிருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பி, காலைத் தூக்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஆட்டுப்பட்டி வெறுமையாக இருந்தது. கோடையில் தண்ணீர் சுமக்க முடியாமல் இருபது ஆட்டைச் சந்தையில் விற்றுவிட்டாராம். மீதி எட்டும் சீக்கில் போய்விட்டன. அந்தம்மா எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

முத்துசெல்வி தரையில் உட்கார்ந்து, “அம்மா, உங்க போர் கெட்டுப்போனது பாறையால இல்ல. நாங்க செஞ்ச பட்டன் சரியில்ல. நான் தப்பா அளந்துட்டேன். சரியா அளந்திருந்தா அதை உங்க காட்டுல போட்டிருக்கவே மாட்டோம்” என்றார்.

அழகுத்தாய் சிரித்தார். “ஏட்டி, எதுக்கு உன்னையே சொல்லிக்கிடுத? இந்தக் காட்டுப் பாறை அப்படித்தான். எங்க மாமனார் காலத்துல கிணறு வெட்டப் போயி வெடியே செத்துப் போச்சு.”

“பாறை மேல தப்பில்லம்மா. ஈரம் வந்துட்டுது, நீங்களே கையில வாங்கினீங்க. சாதா பிட்டைப் போட்டிருந்தா தண்ணி வந்திருக்கும்.”

“எனக்குன்னு இருந்தா வந்திருக்கும்.” அந்தம்மா முத்துசெல்வியின் கன்னத்தைத் தடவினார். “நீ படிச்ச புள்ள. நாலு பேருக்கு நல்லது செய்யணும்னு வந்த. நீ போயி தப்பு செய்வியா? அழாத. காப்பி ஆறுது.”

எத்தனை விதமாகச் சொன்னாலும் அந்தம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. கிளம்பும்போது ஒரு படி பாசிப்பயறு பையில் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் முத்துசெல்வி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். குறுக்குச்சாலை தாண்டினபோது, “அவிய என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அண்ணாச்சி” என்றார்.

2023 ஏப்ரலில் கல்லூரி அவருக்கு வேலையை நீட்டிக்கவில்லை. மாணவர் சேர்க்கை குறைந்துவிட்டது என்று காரணம் எழுதியிருந்தார்கள். அதுவும் உண்மைதான். அந்த வருஷம் நாலு பேரை அனுப்பினார்கள். செப்டம்பரில் ஆய்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றதாக ஐந்து வரி அறிவிப்புப் போட்டது. அடுத்த ஆண்டு அவருடைய பதிவுக் காலம் முடிந்துபோனது. செல்வகணேஷை இங்கே யாரும் டிரில்லராகச் சேர்க்கவில்லை. பிட்டு உடைந்த கதை எல்லா வண்டிக்கும் போயிருந்தது. சத்தீஸ்கர் பக்கம் ஒரு வண்டியில் ராடு தூக்குகிற வேலைக்குப் போனார். அம்மாவுக்குத்தான் போன் பண்ணுவார். தங்கச்சியைப் பற்றிக் கேட்க மாட்டார் என்று இல்லை, “நல்லா இருக்காளா” என்று கேட்பாராம். போனை அவளிடம் கொடு என்று மட்டும் சொன்னதில்லை.

முத்துசெல்வி இப்போது கழுகுமலையில் ஒரு இ-சேவை மையத்தில் உட்காருகிறார். வருமானச் சான்று, பட்டா மாறுதல், பயிர்க் காப்பீடு. நான் ஓய்வு பெற்றபின் போன மாதம் சங்கரன்கோவில் போகிற வழியில் இறங்கி அவரைப் பார்த்தேன். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலி போட்டார். ஆராய்ச்சி பற்றிப் பேச நான் விரும்பவில்லை. அவராகவே கம்ப்யூட்டரில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து காட்டினார். தமிழில் சொன்னால், ‘வாழ்த்துகள், உங்கள் கட்டுரை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது’ என்று அர்த்தம்.

“இதோட நாப்பத்தொண்ணு அண்ணாச்சி. திரும்ப வாங்கின பிறகு மட்டும் இருபத்தாறு.”

“அறிவிப்பைப் பாக்கலியா அவங்க?”

“யாரும் பாக்கல. ஒருத்தரைப் பாத்து இன்னொருத்தர் எழுதுதாங்க.” திரையைக் கீழே நகர்த்தினார். எங்கோ வேறு ஒரு நாட்டுக்காரர்களின் கட்டுரை. இரண்டாம் அட்டவணையில் அவர் பெயரும், அந்த மூன்றாம் வில்லையின் அளவும் இருந்தன. அதே கலவையில் பாறை துளைக்கிற பட்டன் செய்யப்போவதாகக் கடைசியில் எழுதியிருந்தார்கள்.

“இவங்களுக்கு எழுதினீங்களா மேடம்?”

“இவங்களுக்கு மூணு தடவை எழுதிட்டேன். மத்தவங்களுக்கும் எழுதினேன். ஒருத்தர்கூடப் பதில் போடல.” மின்னஞ்சலை மூடினார். “இப்ப வந்தா திறக்குறதில்ல. இன்னைக்கு நீங்க வந்ததால திறந்தேன்.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு வெகுநேரமாக நின்றிருந்தார். முத்துசெல்வி அதை வாங்கிக்கொண்டு, “என்ன சான்று வேணும் தாத்தா, சொல்லுங்க” என்று கேட்டார். பெரியவருக்குக் காது மந்தம். இரண்டாம் முறை உரக்கக் கேட்டார். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன்.